கடினமான ஆங்கிலச் சொற்களைக் கற்பது எப்படி? தமிழ்வழியில் படித்தவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு மாலை வகுப்பில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். வருகிறவர்களில் பெரும்பாலோர் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்தவர்கள். நானும் அப்படித்தான். ஒவ்வொரு புதுக் குழுவும் முதல் வாரத்தில் கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றாகவே இருப்பதால், அவற்றையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதிவைக்கிறேன். வாசிக்க வசதியாக ஆங்கிலச் சொற்களைத் தமிழ் எழுத்தில் கொடுத்திருக்கிறேன். உங்கள் நோட்டில் அவற்றை ஆங்கில எழுத்தில்தான் எழுத வேண்டும். காரணம் உச்சரிப்பு பற்றிய கேள்வியில் வரும்.

கடினமான சொல், உயர்நிலைச் சொல் என்று எவற்றைச் சொல்கிறீர்கள்?

ஆங்கிலச் சொற்களை மூன்று அடுக்காகப் பார்த்தால் குழப்பம் குறையும். முதல் அடுக்கு அன்றாடச் சொற்கள். டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பணியாற்றிய மைக்கேல் வெஸ்ட், 1953இல் சுமார் 2,000 அடிப்படைச் சொற்களின் பட்டியலை வெளியிட்டார். வா, போ, வீடு, விலை, காரணம் போன்றவற்றுக்கான சொற்கள் அதில் அடங்கும். பள்ளியில் நாம் படித்தது பெரும்பாலும் இந்த அடுக்குதான்.

இரண்டாவது அடுக்கு, எந்தப் பாடமானாலும் எழுத்தில் திரும்பத் திரும்ப வருகிற பொதுச் சொற்கள். இம்ப்ளை, டெரைவ், கன்சிஸ்டென்ட், சிக்னிஃபிகன்ட், கான்ட்ரடிக்ட் போன்றவை. நியூசிலாந்தின் வெலிங்டனில் அவெரில் காக்ஸ்ஹெட் என்பவர் 2000இல் இப்படிப்பட்ட 570 சொற்குடும்பங்களைத் தொகுத்தார். கல்லூரிப் பாட நூல்களில் ஏறக்குறைய பத்துச் சொல்லுக்கு ஒன்று இந்தப் பட்டியலைச் சேர்ந்தது.

மூன்றாவது அடுக்கு அரிய சொற்கள். லொக்வேஷஸ் என்றால் ஓயாமல் பேசுகிற, எஃபெமரல் என்றால் கொஞ்ச நேரமே நிலைக்கிற. நம் மாணவர்கள் முதல் அடுக்கிலிருந்து நேராக மூன்றாவதுக்குத் தாவுகிறார்கள். எஃபெமரலுக்குப் பொருள் தெரிந்தவருக்கு இம்ப்ளை என்றால் என்னவென்று சொல்லத் தெரியவில்லை. நடு அடுக்கை முடிக்காமல் மேலே ஏறாதீர்கள் என்பதுதான் என் முதல் வேண்டுகோள். தேர்வில் பத்தியைப் படித்துவிட்டு "ஒன்றும் புரியவில்லை" என்று திணற வைப்பது அந்த நடு அடுக்குதான்.

மொத்தம் எத்தனை சொற்கள் தெரிந்தால் போதும்?

செய்தித்தாளையும் நாவலையும் அகராதி இல்லாமல் சரளமாகப் படிக்க 8,000 முதல் 9,000 சொற்குடும்பங்கள் தேவை என்பது சொல்வள ஆய்வாளர் பால் நேஷன் போட்ட கணக்கு. சொற்குடும்பம் என்றால் ஒரு சொல்லும் அதிலிருந்து கிளைப்பவையும் சேர்ந்தது. டெரைவ், டெரைவ்ட், டெரிவேஷன், டெரிவேட்டிவ் எல்லாம் சேர்ந்து ஒன்று. எண்ணைப் பார்த்து மலைக்க வேண்டாம். உங்களிடம் ஏற்கெனவே இரண்டு மூன்றாயிரம் இருக்கிறது. அதோடு நடு அடுக்கின் 570ஐ ஆறு மாதத்தில் சேர்த்துவிட்டாலே படிப்பது எவ்வளவு இலகுவாகிறது என்று நீங்களே உணர்வீர்கள்.

ஆங்கிலச் சொல்லுக்கு எதிரே தமிழ்ப் பொருளை எழுதிப் படிக்கிறேன். இது தவறான முறையா?

தமிழில் பொருள் எழுதுவதில் தவறே இல்லை. ஒரு சொல்லுக்கு ஒரே சொல் என்று எழுதி நிறுத்திவிடுவதில்தான் சிக்கல் வருகிறது.

எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். கல்லூரி முடித்த வருடம் 200 பக்க நோட்டு மூன்றை நிரப்பியிருந்தேன். பக்கத்தின் நடுவே ஒரு கோடு, இடப்பக்கம் ஆங்கிலம், வலப்பக்கம் தமிழ். அதில் நோட்டோரியஸ் என்ற சொல்லுக்கு எதிரே "பெயர்பெற்ற" என்று எழுதியிருந்தேன். ஒரு நேர்காணலில் உங்களைப் பாதித்த ஒருவரைப் பற்றிச் சொல்லுங்கள் என்றார்கள். எங்கள் தலைமையாசிரியரைப் பற்றிச் சொன்னேன். காசு வாங்காமல் இரவு ஏழு மணி வரை எங்களுக்குக் கணக்குப் போட்டுக்காட்டியவர். அவர் எங்கள் வட்டாரத்திலேயே நோட்டோரியஸ் என்று பெருமையாகச் சொன்னேன். எதிரில் இருந்தவர், "அப்படி என்ன செய்தார்?" என்று கேட்டார். அவர் செய்த நல்லதையெல்லாம் விவரித்தேன். அறையில் இருந்தவர்களின் முகம் மாறியதன் காரணம் எனக்கு விளங்கவில்லை. வீட்டுக்கு வந்து பெரிய அகராதியில் பார்த்தபோதுதான் தெரிந்தது, கெட்ட விஷயத்துக்குப் பெயர் போனவர்களைத்தான் அப்படிச் சொல்வார்கள் என்று. அந்த மனிதரை நாலு பேர் முன்னால் உயர்த்திப் பேச நினைத்து என்ன சொல்லிவிட்டு வந்தேன் என்பது இன்றைக்கும் உறுத்துகிறது.

தமிழ் நம்மைக் கைவிடவில்லை. பெயரெடுத்தவர் வேறு, பெயர் கெட்டவர் வேறு என்று நம் பாட்டிக்கும் தெரியும். நான் எழுதிய ஒற்றைச் சொல்தான் அந்த வேறுபாட்டை விழுங்கிவிட்டது. அதனால் பொருளை ஒரு சொல்லாக எழுதாமல், பாராட்டா பழிப்பா, யாரைப் பற்றி, எந்த இடத்தில் என்பதெல்லாம் தெரிகிற மாதிரி ஒரு தொடராக எழுதுங்கள். நோட்டோரியஸ்: கெட்ட காரியத்தால் எல்லோருக்கும் தெரிந்த. அவ்வளவுதான், நாலே சொல்.

இதே கண்ணோடு பார்த்தால் தமிழே நல்ல கருவியாகிவிடும். ஃப்ரூகல் என்றால் சிக்கனமான. அது நல்ல குணம். ஸ்டிஞ்சி என்றால் கஞ்சத்தனமான. பார்சிமோனியஸும் கஞ்சத்தனம்தான், ஆனால் எழுத்தில் வருகிற கனமான சொல். டெனேஷஸ் என்றால் பிடித்த பிடியை விடாத, பெரும்பாலும் மெச்சிச் சொல்வது. ஆப்ஸ்டினேட் என்றால் சொன்னாலும் கேட்காத பிடிவாதம். சிக்கனத்துக்கும் கஞ்சத்தனத்துக்கும், விடாமுயற்சிக்கும் பிடிவாதத்துக்கும் வேறுபாடு தெரிந்த மொழியில் பிறந்திருக்கிறோம். அதைப் பயன்படுத்திக்கொள்ள வேண்டாமா?

ஒரு சொல்லை முழுதாகப் படிப்பது என்றால் என்ன? ஒன்றை எடுத்துக் காட்டுங்கள்.

மிட்டிகேட் என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். ஆட்சிப் பணித் தேர்விலும் செய்தித்தாளிலும் ஓயாமல் வருவது.

பொதுவான பட்டியல்களில் "குறை" என்று போட்டிருப்பார்கள். அதை நம்பி "விலையைக் குறைத்தார்கள்" என்பதற்கு மிட்டிகேட் போட்டால் தப்பு. எடையைக் குறைப்பதற்கும் வராது. பிறகு எதற்குத்தான் வரும்? தீங்கான ஒன்றின் வேகத்தை, வலியை, பாதிப்பைக் குறைப்பதற்கு வரும். லத்தீனில் மிட்டிஸ் என்றால் மென்மையான. அதிலிருந்து பிறந்த சொல் இது. முரட்டுத்தனமானதைக் கொஞ்சம் மென்மையாக்குவது என்ற எண்ணம் உள்ளே இருக்கிறது.

தமிழில் இதற்கு அழகான சொல் இருக்கிறது: தணித்தல். கோபம் தணிந்தது, வெயில் தணிந்தது, காய்ச்சல் தணிந்தது என்கிறோம். விலை தணிந்தது என்று யாரும் சொல்வதில்லை. பார்த்தீர்களா, தமிழ்ச் சொல்லே எல்லையையும் சேர்த்துக் காட்டுகிறது. ஒரு இடத்தில் மட்டும் பொருந்தாது. தாகம் தணியும், ஆனால் தாகத்தோடு மிட்டிகேட் சேராது. அதற்கு க்வென்ச் என்று தனியாக ஒரு சொல் இருக்கிறது.

அடுத்தது, இந்தச் சொல் யாரோடு சேரும்? ரிஸ்க், டேமேஜ், இம்பாக்ட், எஃபெக்ட் ஆகியவை இதன் நெருங்கிய கூட்டாளிகள். நீதிமன்றத்தில் மிட்டிகேட்டிங் சர்க்கம்ஸ்டன்ஸஸ் என்பார்கள். குற்றவாளியின் இளம் வயது, அவர் இருந்த நிலைமை என்று தண்டனையைக் குறைப்பதற்குக் காட்டப்படும் காரணங்கள் அவை. பருவநிலை மாற்றம் பற்றிய பத்தியில் மிட்டிகேஷன், அடாப்டேஷன் என்ற இரண்டும் ஜோடியாக வரும். கரிம வாயு வெளியாவதைக் குறைப்பது முதலாவது. வந்துவிட்ட மாற்றத்துக்கு ஏற்ப நம்மை மாற்றிக்கொள்வது இரண்டாவது. கடற்கரையில் சதுப்புநிலக் காடு வளர்த்தால் இரண்டுக்கும் உதவும். காடு கரிமத்தையும் உள்வாங்கும், புயல் அலையையும் தடுக்கும். இது தெரிந்தால் சொல்லும் தெரிந்தது, பாடமும் தெரிந்தது.

அப்புறம் எதிரியும் போலியும். எதிர்ப்பொருள் எக்ஸாஸர்பேட், அதாவது இருக்கிற கேட்டை இன்னும் மோசமாக்குவது. எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றுவது. போலி, மிலிட்டேட். ஒன்றுக்கு எதிராக வேலை செய்வது என்ற பொருளில் அகெய்ன்ஸ்ட் என்ற சொல்லோடு சேர்ந்துவரும். அந்த இடத்தில் தவறுதலாக மிட்டிகேட்டைப் போட்டு எழுதுகிறவர்கள் ஆங்கிலம் தாய்மொழியானவர்களிலும் நிறைய உண்டு.

கடைசியாக, உங்கள் வாழ்க்கையிலிருந்து ஒரு வாக்கியம். போன வருடம் தெருவில் மழைநீர் வடிகால் போட்டதால் வெள்ளம் முன்னைப்போல் வீட்டுக்குள் வரவில்லை என்றால், அதை இந்தச் சொல்லை வைத்து எழுதுங்கள். அகராதி வாக்கியம் மறந்துபோகும். உங்கள் வீட்டு வாசல் மறக்காது.

ஒரு சொல்லுக்கு இவ்வளவு நேரமா என்று கேட்பீர்கள். பத்து நிமிடம். இந்தப் பத்து நிமிடத்தில் நீங்கள் படித்தது ஐந்து சொற்கள் என்பதைக் கவனியுங்கள்.

வேர்ச்சொற்களை வைத்துப் படிக்கலாமா?

தாராளமாக. ஆங்கிலத்தின் கனமான சொற்களில் பெரும்பகுதி லத்தீனிலிருந்தும் கிரேக்கத்திலிருந்தும் பிரெஞ்சு வழியாகவும் வந்தவை. 1066இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு அரசவையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சு புழங்கியது. குடியானவர்கள் பழைய ஆங்கிலத்திலேயே பேசினார்கள். அறிஞர்கள் லத்தீனில் எழுதினார்கள். அதனால்தான் ஆங்கிலத்தில் ஒரே பொருளுக்கு மூன்று தரத்தில் சொற்கள் கிடைக்கின்றன. ஆஸ்க் என்றால் கேள். க்வெஸ்டியன் என்றால் கேள்வி எழுப்பு. இன்டெரொகேட் என்றால் விசாரி, அதுவும் போலீஸ் விசாரணை மாதிரி.

நமக்கு இது புதிதில்லை. கல்யாணம், திருமணம், விவாகம் மூன்றும் ஒன்றுதான். ஆனால் கல்யாணச் சாப்பாடு என்போம், பத்திரிகையில் திருமண அழைப்பிதழ் என்று அச்சடிப்போம், பிரிவதற்கு விவாகரத்து என்போம். கல்யாண ரத்து என்றால் மண்டபம் வேண்டாம் என்று சொன்ன மாதிரி ஆகிவிடும். ஆங்கிலச் சொற்களுக்கும் இப்படி இடம் பொருள் உண்டு.

வேரை வைத்துப் படித்தால் சொற்கள் குலைகுலையாகக் கிடைக்கும். லத்தீனில் லொக்வி என்றால் பேசு. அதிலிருந்து வாயாடிக்கு லொக்வேஷஸ், சொல்வன்மை உடையவருக்கு எலொக்வென்ட், பேச்சுவழக்குக்குக் கலோக்வியல், நாடகத்தில் தனக்குத்தானே பேசுவதற்கு சொலிலொக்வி. பெனெ என்றால் நல்ல, மலெ என்றால் கெட்ட. நல்லது நினைப்பவர் பெனவலென்ட், கேடு நினைப்பவர் மலெவலென்ட்.

ஆனால் வேரை மட்டும் வைத்துப் பொருளை ஊகித்துவிடாதீர்கள். எனர்வேட் என்பதைப் பார்த்தால் எனர்ஜி தருவது போலத் தோன்றும். உண்மையில் தெம்பை உறிஞ்சி ஓய்ந்துபோகச் செய்வது என்று பொருள். நாய்ஸம் என்பதற்கும் சத்தத்துக்கும் தொடர்பே இல்லை. அது குமட்டுகிற நாற்றம். இன்ஃப்ளேமபிள் என்று டேங்கர் லாரியில் எழுதியிருந்தால் தீப்பிடிக்காது என்று நினைத்து அருகில் பீடி பற்றவைத்துவிடக் கூடாது. எளிதில் தீப்பற்றும் என்பதுதான் அதன் பொருள். வேர் நினைவில் வைக்க உதவும். பொருளை உறுதிசெய்ய அகராதிதான்.

ஒரு நாளைக்கு எத்தனை சொற்கள் படிக்க வேண்டும்?

ஐந்து. வருடத்துக்கு 1,825 ஆகிறது. ஒரு நாளைக்கு ஐம்பது என்று ஆரம்பித்தவர்கள் இரண்டாவது வாரத்தைத் தாண்டி நான் பார்த்ததில்லை.

மனப்பாடம் செய்கிறேன், மறுவாரமே மறந்துவிடுகிறது. எனக்கு ஞாபகசக்தி குறைவா?

இல்லை. எல்லோருக்கும் அப்படித்தான். ஜெர்மானியரான ஹெர்மன் எபிங்ஹவுஸ் தன்னையே சோதனைக்கு உட்படுத்தி, பொருளில்லாத அசைகளை மனப்பாடம் செய்து, எவ்வளவு வேகத்தில் மறக்கிறது என்று அளந்து 1885இல் வெளியிட்டார். ஒரு நாள் கழித்து அதே பட்டியலை மறுபடி படித்தபோது, முதலில் பட்ட பாட்டில் மூன்றில் ஒரு பங்குதான் மிச்சமானது. மற்றதை மறுபடியும் உழைத்துத்தான் சேர்க்க வேண்டியிருந்தது. ஆனால் இடைவெளி விட்டுத் திரும்பப் படிக்கப் படிக்க மறப்பது மெதுவாகிறது என்பதையும் அவர் கவனித்தார். நாம் பிடித்துக்கொள்ள வேண்டிய நூல் அதுதான்.

இதை ஒரு பெட்டி முறையாக்கியவர் செபாஸ்டியன் லைட்னர். 1970களில் ஜெர்மன் மொழியில் எழுதினார். எங்கள் வகுப்பில் அதை இப்படிச் செய்கிறோம். வீட்டில் சேர்ந்துகிடக்கும் பழைய கல்யாணப் பத்திரிகைகளை எடுத்து, அச்சில்லாத கெட்டித் தாளை நாலாக வெட்டிக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் சொல், மறுபக்கம் தொடராக எழுதிய பொருளும் உங்கள் வாக்கியமும். காலி ஸ்வீட் பெட்டி நாலு போதும். புதுச் சீட்டு முதல் பெட்டியில். அதைத் தினமும் எடுத்துப் பார்க்க வேண்டும். பொருளைச் சரியாகச் சொல்லிவிட்டால் சீட்டு இரண்டாவது பெட்டிக்குப் போகும், அது மூன்று நாளுக்கு ஒருமுறை. அப்புறம் மூன்றாவது, வாரம் ஒருமுறை. நாலாவது, மாதம் ஒருமுறை. எந்தப் பெட்டியில் தவறினாலும் சீட்டு முதல் பெட்டிக்கே திரும்ப வேண்டும். இதில் இரக்கம் காட்டாதீர்கள்.

முக்கியமான விஷயம், சீட்டைத் திருப்புவதற்கு முன் பொருளை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பார்த்துக்கொண்டே படிக்கும்போது எல்லாம் தெரிந்த மாதிரிதான் இருக்கும். மூடிவைத்துத் தேடும்போதுதான் மூளை வேலை செய்கிறது. நாக்கு நுனியில் நிற்கிறது, வரமாட்டேன் என்கிறது என்று தவிக்கிற அந்த அரை நிமிடம் வீண் இல்லை.

கைபேசியில் செய்ய விரும்பினால் ஆங்கி என்ற செயலி இருக்கிறது. டேமியன் எல்ம்ஸ் 2006இல் வெளியிட்டது. பெயருக்கு ஜப்பானிய மொழியில் மனப்பாடம் என்று பொருள். எந்தச் சீட்டை எப்போது காட்ட வேண்டும் என்று அதுவே கணக்குப் போடும். மற்றவர் செய்த ஐயாயிரம் சீட்டுகளை இறக்கிக்கொள்ளும் ஆசையை மட்டும் அடக்குங்கள். கையால் எழுதிய சீட்டு மனதில் நிற்கிற மாதிரி இறக்கிய சீட்டு நிற்பதில்லை.

தினமும் ஆங்கிலச் செய்தித்தாளின் தலையங்கம் படி என்கிறார்கள். படித்தால் போதுமா?

நல்ல யோசனைதான், ஆனால் தொடக்கத்தில் தலையங்கம் வேண்டாம். ஒரு பத்தியில் பதினைந்து சொல் தெரியாமல் இருந்தால் படிப்பது தண்டனையாகிவிடும். அதே செய்தியை முதலில் தமிழ் நாளிதழில் படியுங்கள். என்ன நடந்தது என்று தெரிந்த பிறகு ஆங்கிலத்தில் படித்தால் பாதிச் சொற்கள் தாமே பொருளைச் சொல்லிவிடும். கிரிக்கெட் பிடித்தவர்கள் விளையாட்டுப் பக்கத்தில் தொடங்கலாம். தெரியாத சொல்லையெல்லாம் அகராதியில் தேடாதீர்கள். ஒரு வாரத்தில் இரண்டாவது முறை கண்ணில் படுகிற சொல்லைத் தேடுங்கள்.

வாழ்க்கையில் உரசிய சொல் மறக்காது. 2020 மார்ச்சில் ரிசர்வ் வங்கி கடன் தவணைகளுக்கு மொரட்டோரியம் அறிவித்தது. தவணை கட்டிக்கொண்டிருந்த ஒவ்வொரு வீட்டுக்கும் அந்தச் சொல் ஒரே நாளில் தெரிந்துவிட்டது: கட்ட வேண்டியதைக் கொஞ்ச காலம் தள்ளிவைப்பது, தள்ளுபடி இல்லை.

எந்த அகராதி வாங்கலாம்?

ஆங்கிலம்–ஆங்கிலம்–தமிழ் அகராதி ஒன்று வீட்டில் இருக்கட்டும். லிஃப்கோ அகராதி நம் வீடுகளில் தலைமுறைகளாக இருக்கிறது. அதோடு, ஆங்கிலம் கற்பவர்களுக்கென்றே தயாரித்த அகராதி ஒன்றும் வேண்டும். லாங்மன் அகராதி 1978இல் வந்தபோது, சுமார் 2,000 எளிய சொற்களை மட்டும் வைத்தே எல்லாச் சொற்களுக்கும் விளக்கம் எழுதியிருந்தார்கள். ஒரு சொல்லைத் தேடப் போய் விளக்கத்தில் இன்னும் மூன்று சொல் புரியாமல் நிற்கும் அவதி இதில் இல்லை. இத்தகைய அகராதிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. விளக்கத்தைவிட அங்கே கொடுத்திருக்கும் உதாரண வாக்கியங்களை முதலில் படியுங்கள்.

உச்சரிப்பைத் தமிழில் எழுதிவைத்துக்கொள்ளலாமா?

வேண்டாம். நம் எழுத்தில் ப ஒன்றுதான் இருக்கிறது, ஆங்கிலத்தில் அந்த இடத்தில் p, b என்று இரண்டு ஒலிகள். பேதாஸ் என்று நீங்கள் எழுதிவைத்தால் அது இரண்டு சொல்லைக் குறிக்கும். ஒன்று, மனதை உருக்கும் சோக உணர்வு. மற்றது, கம்பீரமாக ஆரம்பித்த பேச்சு சட்டென்று அற்பமாக முடிவது. எழுத்து ஒன்று, பொருள் எங்கோ எங்கோ. அதனால்தான் நோட்டில் ஆங்கில எழுத்து வேண்டும் என்றேன். உச்சரிப்பை இணைய அகராதியின் ஒலிக்குறியை அழுத்திக் காதால் கேளுங்கள், மூன்று முறை திருப்பிச் சொல்லுங்கள்.

எழுத்தைப் பார்த்து ஏமாறுகிற சொற்கள் சில. நுட்பமான என்ற பொருளுள்ள ஸட்டில் என்பதில் பி (b) ஒலிக்காது. இடிபாடுகளுக்கான சொல் டெப்ரி. கடைசி எஸ் கிடையாது. ஒன்றுக்கு இலக்கணமாக விளங்குவது எபிடமி, எபிடோம் இல்லை. மிகைப்படுத்திச் சொல்வது ஹைப்பர்பலி, ஹைப்பர்போல் இல்லை. குற்றம் சாட்டுவது இண்டைட். அதில் எழுதியிருக்கும் சி வெறும் அலங்காரம்.

பார்க்க ஒரே மாதிரி இருக்கும் சொற்களில் எப்போதும் மாட்டிக்கொள்கிறேன்.

ஜோடியாகப் படியுங்கள், ஆளுக்கொரு காட்சியோடு. எமினென்ட் என்றால் துறையில் உயர்ந்து நிற்கும், இம்மினென்ட் என்றால் இதோ வந்துவிடும். புயலுக்கு முன் வானிலை எச்சரிக்கையில் வருவது இரண்டாவது. மருத்துவர் ப்ரிஸ்க்ரைப் செய்கிறார், அரசு ஓர் அமைப்பை ப்ரோஸ்க்ரைப் செய்கிறது, அதாவது தடைசெய்கிறது. பேசுகிறவர் இம்ப்ளை செய்கிறார், சொல்லாமல் சொல்கிறார். கேட்கிறவர் இன்ஃபர் செய்கிறார், சொல்லாததைப் புரிந்துகொள்கிறார்.

டிஸ்இன்ட்ரஸ்டட் என்பதற்கு அக்கறையில்லாத என்று எழுதுகிறார்கள். சொந்த லாப நஷ்டம் இல்லாத, நடுநிலையான என்பதே அதன் கவனமான பொருள். நீதிபதி அப்படி இருக்க வேண்டும். அன்இன்ட்ரஸ்டட் ஆக, வழக்கைக் கேட்கவே விருப்பமில்லாமல், இருக்கக் கூடாது. சாங்ஷன் இன்னும் விசித்திரம். வங்கி கடனை சாங்ஷன் செய்தால் அனுமதி. ஒரு நாட்டின் மேல் சாங்ஷன் விதித்தால் தடை. வாக்கியத்தைப் பார்க்காமல் இதற்குப் பொருள் சொல்லவே முடியாது.

தேர்வுக்கு ஏற்ற மாதிரி படிப்பை மாற்ற வேண்டுமா?

கொஞ்சம். மத்திய அரசின் பணியாளர் தேர்வு ஆணையமான எஸ்எஸ்சியின் பட்டதாரி நிலைத் தேர்வில் முதல் கட்டத்தில் ஆங்கிலத்துக்கு 25 கேள்வி, 50 மதிப்பெண். தவறான விடைக்கு அரை மதிப்பெண் போகும். ஒருபொருள் சொல், எதிர்ச்சொல், ஒருசொல் விடை, மரபுத்தொடர் எல்லாம் நேரடியாக வரும். இங்கே பழைய வினாத்தாள்களே சிறந்த பட்டியல்.

வெளிநாட்டில் மேற்படிப்புக்குச் சேர எழுதும் ஜிஆர்இ தேர்வில் 2011 ஆகஸ்டிலேயே எதிர்ச்சொல், ஒப்புமைக் கேள்விகளை எடுத்துவிட்டார்கள். இப்போது வாக்கியத்தின் ஓட்டத்தைப் பிடித்துக் கோடிட்ட இடத்தை நிரப்ப வேண்டும். எதற்கு எந்தச் சொல் பொருந்தும் என்று தெரியாமல் பட்டியலை மட்டும் உருப்போட்டால் பயனில்லை. வெளிநாடு போகிறவர்களின் ஆங்கிலத் திறனைச் சோதிக்கும் ஐஇஎல்டிஎஸ் தேர்வின் எழுத்துப் பகுதியில் சொல்வளத்துக்கு மொத்த மதிப்பீட்டில் கால் பங்கு. கனமான சொல்லைத் திணிப்பதற்கு அங்கே மதிப்பெண் இல்லை, பொருத்தமாகச் சேர்ப்பதற்குத்தான்.

படித்த சொற்களைப் பேச்சில் பயன்படுத்தலாமா?

பயன்படுத்துங்கள், இடம் பார்த்து. "தாங்கள் ஜலபானம் செய்தீர்களா?" என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் கேட்க மாட்டோம் இல்லையா? அதேபோல ஸ்டார்ட் என்று சொன்னால் போதும் என்கிற இடத்தில் கமென்ஸ் வேண்டாம். முதலில் படிக்கும்போது புரிய வேண்டும், அப்புறம் எழுத்தில் வரட்டும், பேச்சில் தானாக வரும். ஒரு சொல்லை ஐந்தாறு இடத்தில் படித்த பிறகே எழுத்தில் பயன்படுத்துவது என்று நான் ஒரு விதி வைத்திருக்கிறேன். நோட்டோரியஸ் சொல்லிக்கொடுத்த விதி.

தமிழ்வழியில் படித்ததால் இதெல்லாம் எனக்கு எட்டாது என்று தோன்றுகிறது.

தயவுசெய்து அப்படி நினைக்காதீர்கள். இந்தக் கேள்வியைக் கேட்கும்போது குரல் தாழ்ந்துபோவதை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன், மனது கஷ்டப்படுகிறது. உங்களிடம் ஒரு மொழி முழுமையாக இருக்கிறது. நுணுக்கம் என்றால் என்ன என்று அதில் தெரிந்தவருக்கு இன்னொரு மொழியின் நுணுக்கம் பிடிபடும். ஆங்கிலமும் நம்மிடம் வாங்கிய மொழிதான். கட்டுமரம் கேட்டமரான் ஆனது, மிளகுத்தண்ணீர் மல்லிகடானி ஆனது, சுருட்டு ஷெரூட் ஆனது.

ஒரு சொல் எனக்கு வசப்பட்டுவிட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

அதை எங்கே பயன்படுத்தக் கூடாது என்று சொல்ல முடிந்தால் வசப்பட்டுவிட்டது.

போன வருடம் வகுப்பில் மெட்டிக்குலஸ் என்ற சொல்லைப் பார்த்தோம். சின்னச் சின்ன விவரத்தையும் விடாமல், துளி பிசகாமல் செய்கிற என்று பலகையில் எழுதினேன். எல்லோரும் வாக்கியம் எழுதினார்கள். ஒரு மாணவி தன் அப்பாவைப் பற்றி எழுதியிருந்தாள். அவர் தையல்காரர், சட்டைக்குக் கையாலேயே காஜா எடுப்பவர், ஒவ்வொரு காஜாவையும் பொத்தானைப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் அடுத்ததைத் தொடுவார். எளிதாக கேர்ஃபுல் என்றே போட்டிருக்கலாமே என்று கேட்டேன்.

"ரோடு கிராஸ் பண்றதுக்கு கேர்ஃபுல் போதும் சார்," என்றாள். "காஜா எடுக்கிறதுக்குப் போதாது."